செங்குருதியணு ஆக்கக் கட்டுப்பாடு

செங்குருதியணு ஆக்கக் கட்டுப்பாடு என்பது, குருதியில் உள்ள செங்குருதியணுக்களின் உற்பத்தியை உடலின் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் சீராக வைத்திருக்கும் உடலியங்கியல் செயற்பாடு ஆகும். செங்குருதியணுக்கள் பொது வழக்கில் இரத்தச் சிவப்பணுக்கள் என்றும் அழைக்கப்படுகின்றன. இவை எலும்பு மச்சையில் உருவாகின்றன. ஆனால் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது சிறுநீரகம் ஆகும். சிறுநீரகம் சுரக்கும் எரித்ரோபொயட்டின் என்னும் இயக்குநீர், மச்சையில் வளர்ந்து வரும் இளம் அணுக்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துகிறது.

இக்கட்டுப்பாட்டின் சிறப்பு, உடல் செங்குருதியணுக்களை எண்ணுவதில்லை என்பதாகும். வீட்டின் மேல்நிலைத் தொட்டியில் உள்ள மிதவை நீர்மட்டத்தை நேரடியாக உணர்ந்து நீர்வரத்தை நிறுத்துகிறது. குருதியில் அத்தகைய மிதவை எதுவும் இல்லை. உடல் அளப்பது சிறுநீரகத் திசுவைச் சென்றடையும் ஆக்சிசனின் அளவை மட்டுமே. சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தசோகை ஏற்படுவது, மலைவாழ் மக்களின் குருதி அடர்ந்திருப்பது, புகைப்பிடிப்பவர்களின் சிவப்பணு எண்ணிக்கை கூடுவது ஆகியவற்றை இந்த ஒரு செய்தியைக் கொண்டு விளங்கிக் கொள்ளலாம்.

கட்டுப்பாட்டின் தேவை

செங்குருதியணுக்களின் முதன்மைப் பணி, நுரையீரலிலிருந்து திசுக்களுக்கு ஆக்சிசனை எடுத்துச் செல்வதாகும். இதற்கு அவற்றினுள் நிறைந்துள்ள ஹீமோகுளோபின் என்னும் இரும்பு கொண்ட புரதம் பயன்படுகிறது. மனிதரின் முதிர்ந்த செங்குருதியணுவில் உட்கருவோ இழைமணிகளோ இல்லை. எனவே அது பழுதடைந்த புரதங்களைப் புதுப்பித்துக் கொள்ளவோ, பிரிந்து பெருகவோ இயலாது. ஏறத்தாழ 120 நாட்கள் குருதியில் சுற்றிய பின்னர், முதுமையடைந்த அணுக்கள் மண்ணீரல், கல்லீரல் ஆகியவற்றில் உள்ள பெருவிழுங்கிகளால் அகற்றப்படுகின்றன.

வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 25 இலட்சம் கோடி செங்குருதியணுக்கள் உள்ளன. இவை 120 நாட்களில் ஒருமுறை முழுமையாக மாற்றப்பட வேண்டுமாயின், நாளொன்றுக்கு ஏறத்தாழ 20,000 கோடி அணுக்கள், அதாவது நொடிக்கு 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட அணுக்கள் புதிதாக உருவாக வேண்டும்.

இந்த வேகத்தில் ஏற்படும் சிறு பிழையும் நாளடைவில் பெரிதாகி விடும். அணுக்களின் ஆயுட்காலம் மாறாதிருக்க, உற்பத்தி மட்டும் 10% குறையுமானால் நான்கு மாதங்களில் மொத்த எண்ணிக்கையும் 10% குறைந்து விடும். எண்ணிக்கை குறைந்தால் திசுக்களுக்குப் போதிய ஆக்சிசன் கிடைக்காது. இந்நிலை இரத்தசோகை எனப்படும். எண்ணிக்கை மிகுந்தால் குருதியின் பாகுநிலை கூடி, இதயத்தின் சுமை உயர்ந்து, குழாய்களில் குருதி உறையும் வாய்ப்பும் அதிகரிக்கும். ஆகவே இரு திசைகளிலும் கட்டுப்பாடு தேவைப்படுகிறது.

உருவாகும் இடமும் நிலைகளும்

கருவில் செங்குருதியணுக்கள் முதலில் கருவுணவுப் பையில் உருவாகின்றன. பின்னர் இப்பணியைக் கல்லீரலும், ஓரளவுக்கு மண்ணீரலும் ஏற்றுக்கொள்கின்றன. பிறப்பதற்கு முன்னரே இது படிப்படியாக எலும்பு மச்சைக்கு மாறுகிறது. குழந்தைகளில் ஏறத்தாழ எல்லா எலும்புகளிலும் செம்மச்சை காணப்படும். வளர்ந்தவர்களில் முதுகெலும்பு, விலா எலும்புகள், மார்பெலும்பு, இடுப்பெலும்பு, மண்டையோடு, தொடை எலும்பு மற்றும் மேற்கை எலும்பின் மேல்முனை ஆகிய இடங்களில் மட்டுமே அது எஞ்சியிருக்கும்.

எல்லாக் குருதியணுக்களும் மச்சையில் உள்ள குருதிக் குருத்தணுக்களிலிருந்து தோன்றுகின்றன. செங்குருதியணுவாக மாறும் வழியில் உள்ள முக்கிய நிலைகள் பின்வருமாறு:

1. குருதிக் குருத்தணு: எவ்வகைக் குருதியணுவாகவும் மாறக்கூடியது.
2. முன்னோடி அணுக்கள்: செங்குருதியணுவாக மட்டுமே மாறும் பாதையில் சென்றுவிட்டவை. இவற்றின் பிற்பகுதி நிலையில் உள்ளவை எரித்ரோபொயட்டினை முழுமையாகச் சார்ந்துள்ளன.
3. எரித்ரோபிளாசுட்டுகள்: உட்கருவுடன் கூடியவை. இவை சில முறை பிரிந்து பெருகிக்கொண்டே ஹீமோகுளோபினைத் திரட்டுகின்றன. இந்நிலையின் முடிவில் உட்கரு வெளியேற்றப்படுகிறது.
4. ரெட்டிக்குலோசைட்டுகள்: உட்கரு நீங்கிய இளம் சிவப்பணுக்கள். ஒன்று அல்லது இரண்டு நாட்கள் மச்சையில் இருந்து, பின் குருதியினுள் நுழைந்து ஒரு நாளில் முதிர்ச்சி அடைகின்றன.
5. முதிர்ந்த செங்குருதியணு.

எரித்ரோபிளாசுட்டு நிலை தொடங்கியதிலிருந்து முதிர்ந்த அணு கிடைக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். வளரும் அணுக்கள் மச்சையில் ஒரு பெருவிழுங்கியைச் சுற்றிக் கூட்டமாக அமைந்திருக்கும். 1958 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அறிவியலாளர் மார்செல் பெசி இவ்வமைப்பை விவரித்தார். வெளியேற்றப்படும் உட்கருக்களை விழுங்கி அழிப்பதும் இப்பெருவிழுங்கியே ஆகும்.

குருதியில் உள்ள ரெட்டிக்குலோசைட்டுகளின் விழுக்காடு, மச்சை அண்மையில் எவ்வளவு உற்பத்தி செய்துள்ளது என்பதைக் காட்டும் அளவீடாகும். நலமுள்ள பெரியவர்களில் இது பொதுவாக 0.5 முதல் 2.5% வரை இருக்கும். இரத்தசோகை உள்ள ஒருவரிடம் இவ்வளவு உயர்ந்திருந்தால், மச்சை முறையாகச் செயல்படுகிறது என்றும் அணுக்கள் வேறெங்கோ இழக்கப்படுகின்றன அல்லது சிதைக்கப்படுகின்றன என்றும் மருத்துவர் ஊகிக்கலாம். தாழ்ந்திருந்தால் குறை உற்பத்தியில் உள்ளது எனக் கொள்ளலாம்.

கட்டுப்பாட்டுச் சுற்று

இக்கட்டுப்பாடு எதிர்மறைப் பின்னூட்ட வகையைச் சேர்ந்தது. திசுவில் ஆக்சிசன் குறையும்போது சிறுநீரகம் கூடுதலாக எரித்ரோபொயட்டினைச் சுரக்கிறது. அதனால் மச்சையில் செங்குருதியணு உற்பத்தி கூடுகிறது. குருதியின் ஆக்சிசன் கொள்ளளவு உயர்ந்து, சிறுநீரகத் திசுவின் ஆக்சிசன் பற்றாக்குறை நீங்கும்போது சுரப்பும் தணிகிறது.

சிறுநீரகம் உணரியாக அமைந்தது ஏன்?

இரு சிறுநீரகங்களும் சேர்ந்து உடல் எடையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவே உள்ளன. எனினும் இதயம் வெளியேற்றும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அவற்றின் வழியே செல்கிறது. சிறுநீரகம் தான் பெறும் ஆக்சிசனின் பெரும்பகுதியை, வடிகட்டப்பட்ட சோடியத்தை மீண்டும் உறிஞ்சுவதற்கே செலவிடுகிறது. குருதி வரத்து குறைந்தால் வடிகட்டப்படும் சோடியமும் குறைகிறது. எனவே ஆக்சிசன் செலவும் குறைகிறது. இவ்வாறு வரவும் செலவும் ஒருசேர மாறுவதால், குருதி ஓட்டத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கங்கள் சிறுநீரகத் திசுவின் ஆக்சிசன் அளவைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மாறாக, குருதி சுமந்து வரும் ஆக்சிசனின் அளவு குறைந்தால் அது உடனடியாக உணரப்படுகிறது. தசை போன்ற உறுப்பு உணரியாக இருந்திருந்தால், ஒவ்வொரு முறை ஓடும்போதும் தவறான சமிக்ஞை எழுந்திருக்கும்.

எரித்ரோபொயட்டினைச் சுரப்பவை, சிறுநீரகப் புறணியில் நுண்குழல்களுக்கு இடையே உள்ள இணைப்புத்திசு உயிரணுக்கள் ஆகும். ஆக்சிசன் பற்றாக்குறை மிகும்போது, சுரப்பில் ஈடுபடும் உயிரணுக்களின் எண்ணிக்கையும் பெருகுகிறது. வளர்ந்தவர்களில் மொத்தச் சுரப்பில் ஏறத்தாழ 90% சிறுநீரகத்திலிருந்தும், எஞ்சியதில் பெரும்பகுதி கல்லீரலிலிருந்தும் வருகிறது. கருவில் இருக்கும்போது கல்லீரலே முதன்மையான சுரப்பிடம் ஆகும்.

ஆக்சிசனை உணரும் மூலக்கூற்று முறை

எரித்ரோபொயட்டின் மரபணுவை இயக்குவது, தாழ் ஆக்சிசன் தூண்டு காரணி என்னும் படியெடுத்தல் காரணியாகும். வளர்ந்தவர்களில் இதன் இரண்டாம் வகையே இப்பணியில் முதன்மை பெறுகிறது. உயிரணுக்கள் இப்புரதத்தை ஆக்சிசன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடர்ந்து உருவாக்கிக் கொண்டே இருக்கின்றன. கட்டுப்பாடு இருப்பது அதன் அழிவில் ஆகும்.

ஆக்சிசன் போதிய அளவில் உள்ளபோது, புரோலில் ஐதராக்சிலேசு என்னும் நொதிகள் இக்காரணியின் மீது ஐதராக்சில் தொகுதிகளைச் சேர்க்கின்றன. இவ்வினைக்கு ஆக்சிசன் மூலப்பொருளாகவும், இரும்பு துணைக்காரணியாகவும் தேவைப்படுகின்றன. இவ்வாறு குறியிடப்பட்ட காரணியை வான் ஹிப்பல்-லிண்டாவ் என்னும் புரதம் இனங்காண்கிறது. பின்னர் அது உயிரணுவின் புரதச் சிதைப்பு அமைப்புக்கு அனுப்பப்பட்டுச் சில நிமிடங்களில் அழிக்கப்படுகிறது. ஆக்சிசன் குறையும்போது குறியிடும் வினை தடைப்படுகிறது. அழிக்கப்படாத காரணி உட்கருவினுள் சென்று எரித்ரோபொயட்டின் மரபணுவைத் தூண்டுகிறது.

உருவாக்கி உருவாக்கி அழிப்பது வீண் செலவு போலத் தோன்றலாம். ஆனால் இதன் பயன் விரைவாகும். ஆக்சிசன் குறைந்தபின் காரணியைப் புதிதாகத் தயாரிக்கத் தொடங்க வேண்டியதில்லை. அழிப்பதை நிறுத்தினால் போதும்.

இம்முறையைக் கண்டறிந்தமைக்காக கிரெக் செமென்சா, பீட்டர் ராட்கிளிஃப், வில்லியம் கேலின் ஆகியோருக்கு 2019 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

மச்சையில் எரித்ரோபொயட்டினின் செயல்

எரித்ரோபொயட்டின் 165 அமினோ அமிலங்களைக் கொண்ட, சர்க்கரைத் தொடர்கள் இணைந்த புரதம் ஆகும். இது சேமித்து வைக்கப்படுவதில்லை. தேவை எழும்போது புதிதாக உருவாக்கப்படுகிறது. மிகக் கடுமையான இரத்தசோகையில் குருதியில் இதன் அளவு இயல்பைப் போல நூறு மடங்குக்கும் மேலாக உயரக்கூடும்.

இவ்வியக்குநீர் மச்சையில் உள்ள முன்னோடி அணுக்களின் மேற்பரப்பில் அமைந்த ஏற்பிகளில் இணைகிறது. அப்போது ஏற்பியுடன் பிணைந்துள்ள ஜாக்2 என்னும் நொதி செயற்படத் தொடங்கி, அணுவின் உட்கரு வரை சமிக்ஞையைக் கடத்துகிறது. எரித்ரோபொயட்டின் அணுக்களை விரைவாகப் பிரியச் செய்கிறது என்றே தொடக்கத்தில் கருதப்பட்டது. அதன் முதன்மைப் பணி இளம் அணுக்களை இறவாமல் காப்பதே என்பது பின்னர் அறியப்பட்டது. இயல்பு நிலையில் மச்சையில் தோன்றும் முன்னோடி அணுக்களில் ஒரு பகுதி, போதிய எரித்ரோபொயட்டின் கிடைக்காமல் திட்டமிட்ட உயிரணு இறப்பு என்னும் முறையில் மடிகின்றன. இயக்குநீரின் அளவு உயரும்போது அவ்வாறு மடியவிருந்தவை பிழைத்து முதிர்கின்றன. இரும்பும் பிற சத்துக்களும் போதிய அளவில் இருந்தால், நீண்டகாலத் தூண்டலில் மச்சை தன் உற்பத்தியை இயல்பைப் போல ஐந்து மடங்குக்கும் மேலாக உயர்த்த வல்லது.

கால இடைவெளி

ஆக்சிசன் குறைந்த சில மணி நேரத்திலேயே எரித்ரோபொயட்டின் அளவு உயர்கிறது. ரெட்டிக்குலோசைட்டுகளின் எண்ணிக்கை கூட மூன்று நான்கு நாட்கள் ஆகும். ஹீமோகுளோபின் அளவில் தெளிவான மாற்றம் தெரியப் பல வாரங்கள் தேவைப்படும். எடுத்துக்காட்டாக, குருதிக்கொடை அளித்த ஒருவருக்கு இழந்த நீர்மம் ஓரிரு நாட்களில் ஈடு செய்யப்பட்டு விடுகிறது. ஆனால் செங்குருதியணுக்கள் முழுமையாக மீள்வதற்குச் சில வாரங்களும், இழந்த இரும்பு மீள்வதற்கு அதைவிடக் கூடுதல் காலமும் ஆகும். கொடைகளுக்கு இடையே குறிப்பிட்ட இடைவெளி வலியுறுத்தப்படுவது இதனாலேயே ஆகும். இந்தியாவில் இவ்விடைவெளி ஆண்களுக்கு மூன்று மாதங்கள், பெண்களுக்கு நான்கு மாதங்கள் ஆகும்.

இரும்பு வழங்கலின் கட்டுப்பாடு

எரித்ரோபொயட்டின் கட்டளை மட்டுமே ஆகும். கட்டளை நிறைவேற மூலப்பொருள் வேண்டும். அவற்றுள் முதன்மையானது இரும்பு. வளர்ந்தவரின் உடலில் உள்ள 3 முதல் 4 கிராம் இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் உள்ளது. மச்சைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. உணவிலிருந்து உறிஞ்சப்படுவதோ 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே. எஞ்சியவை அனைத்தும் முதுமையடைந்த செங்குருதியணுக்களைச் சிதைக்கும் பெருவிழுங்கிகள் மீட்டுத் தரும் இரும்பாகும்.

குருதியினுள் இரும்பு வருவதைக் கல்லீரல் சுரக்கும் ஹெப்சிடின் என்னும் இயக்குநீர் கட்டுப்படுத்துகிறது. குடலிலிருந்தும் பெருவிழுங்கிகளிலிருந்தும் இரும்பு வெளியேறும் வாயிலாக அமைந்த ஃபெரோபோர்ட்டின் புரதத்தை ஹெப்சிடின் அடைத்து, அழிவுக்கு உள்ளாக்குகிறது. ஹெப்சிடின் கூடினால் குருதியில் இரும்பு குறையும். ஹெப்சிடின் குறைந்தால் இரும்பு கூடும்.

மச்சை விரைந்து செயற்படும்போது கூடுதல் இரும்பு தேவை என்னும் செய்தி கல்லீரலை எவ்வாறு அடைகிறது என்பது நீண்டகாலம் அறியப்படாதிருந்தது. 2014 ஆம் ஆண்டில் எரித்ரோஃபெரோன் என்னும் இயக்குநீர் கண்டறியப்பட்டது. எரித்ரோபொயட்டினால் தூண்டப்பட்ட எரித்ரோபிளாசுட்டுகள் இதனைச் சுரந்து, கல்லீரலில் ஹெப்சிடின் உற்பத்தியைக் குறைக்கின்றன. இவ்வாறு ஆக்சிசன் சார்ந்த சுற்றும் இரும்பு சார்ந்த சுற்றும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டுள்ளன.

தொற்று, அழற்சி ஆகியவற்றின்போது ஹெப்சிடின் உயர்கிறது. இது நோய்க்கிருமிகளுக்கு இரும்பு கிடைக்காமல் செய்யும் தற்காப்பாகக் கருதப்படுகிறது. ஆனால் அழற்சி நீடித்தால் உடலில் இரும்பு இருந்தும் மச்சைக்குக் கிடைக்காமல் இரத்தசோகை ஏற்படுகிறது. முடக்குவாதம், காசநோய் போன்ற நாட்பட்ட நோய்களில் காணப்படும் இரத்தசோகைக்கு இது ஒரு முக்கியக் காரணமாகும்.

உயிர்ச்சத்துக்களும் பிற இயக்குநீர்களும்

விரைந்து பிரியும் எரித்ரோபிளாசுட்டுகளுக்கு டி.என்.ஏ. உருவாக்கம் இன்றியமையாதது. இதற்கு ஃபோலேட்டும் உயிர்ச்சத்து பி12-உம் தேவை. இவை குறைந்தால் அணுக்கள் அளவில் பெரிதாகி, முதிராமலேயே பெரும்பாலும் மச்சையில் மடிகின்றன. ஃபோலேட்டின் பங்கு வெளிப்பட்டதில் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. இங்கிலாந்து மருத்துவர் லூசி வில்சு, 1928 ஆம் ஆண்டு முதல் மும்பையில் கருவுற்ற நெசவாலைத் தொழிலாளர்களிடம் காணப்பட்ட கடுமையான இரத்தசோகையை ஆராய்ந்தார். மார்மைட் என்னும் ஈஸ்ட் சாறு அதனைக் குணப்படுத்துவதை 1931 இல் வெளியிட்டார். அதில் இருந்த காரணி ஃபோலேட் எனப் பின்னர் அறியப்பட்டது.

ஆண் இயக்குநீரான டெஸ்டோஸ்டிரோன் செங்குருதியணு ஆக்கத்தைத் தூண்டுகிறது. பருவமடைந்த ஆண்களின் ஹீமோகுளோபின் அளவு பெண்களுடையதை விடக் கூடுதலாக இருப்பதற்கு இது ஒரு காரணம். தைராய்டு இயக்குநீர் குறைந்தாலும் உற்பத்தி குறையும்.

கண்டறிந்த வரலாறு

1890 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டைச் சேர்ந்த பிரான்சுவா வியோ, தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் 4,000 மீட்டருக்கும் மேல் உயரத்தில் உள்ள மொரோகோச்சா என்னும் சுரங்க ஊருக்குச் சென்றதன் முடிவுகளை வெளியிட்டார். ஒரு கன மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 50 இலட்சமாக இருந்த அவருடைய செங்குருதியணு எண்ணிக்கை, சுமார் மூன்று வாரங்களில் 80 இலட்சத்தை எட்டியிருந்தது. உயரத்தில் குருதி மாறுகிறது என்பதற்கு இது தெளிவான சான்றாக அமைந்தது.

1906 இல் பவுல் கார்னோவும் அவருடன் ஆய்வு செய்த டெஃப்லாண்ட்ரும், குருதி இழந்த முயலின் சீரத்தை மற்றொரு முயலுக்குச் செலுத்தி, குருதி ஆக்கத்தைத் தூண்டும் பொருள் அதில் உள்ளது என அறிவித்தனர். பிறரால் இச்சோதனையை மீண்டும் செய்து காட்ட இயலாததால் இக்கருத்து பல ஆண்டுகள் ஐயத்துக்குள்ளானது. 1948 இல் பின்லாந்தைச் சேர்ந்த பொன்ஸ்டோர்ஃப், யலவிஸ்டோ ஆகியோர் அப்பொருளுக்கு எரித்ரோபொயட்டின் எனப் பெயரிட்டனர். 1950 இல் கர்ட் ரைஸ்மன், குருதி ஓட்டம் இணைக்கப்பட்ட இரு எலிகளில் ஒன்றை மட்டும் ஆக்சிசன் குறைந்த காற்றைச் சுவாசிக்கச் செய்தார். இரண்டின் மச்சையிலும் உற்பத்தி கூடியது. 1953 இல் ஆலன் எர்ஸ்லெவ், இரத்தசோகை உள்ள முயல்களின் குருதிநீர்மத்தைப் பெருமளவில் செலுத்தி இப்பொருள் இருப்பதை உறுதி செய்தார். 1957 இல் லியோன் ஜேக்கப்சனும் யூஜின் கோல்டுவாசரும் அவர்தம் குழுவினரும், சிறுநீரகம் அகற்றப்பட்ட எலிகளில் இச்சுரப்பு ஏற்படாததைக் காட்டினர்.

இயக்குநீரைத் தூய நிலையில் பிரித்தெடுக்க மேலும் இருபது ஆண்டுகள் ஆயின. மச்சை செயலிழந்த நோயாளிகளின் சிறுநீரில் எரித்ரோபொயட்டின் மிகுந்திருக்கும். ஜப்பானில் தகாஜி மியாகே அத்தகைய நோயாளிகளிடமிருந்து சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து, 1977 இல் கோல்டுவாசருடன் சேர்ந்து சில மில்லிகிராம் அளவே கொண்ட தூய எரித்ரோபொயட்டின் பிரித்தெடுக்கப்பட்டது. இதன் அமினோ அமில வரிசையைக் கொண்டு, 1983 இல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்தில் ஃபூ-குவென் லின் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார். இதன் மூலம் இயக்குநீரைச் செயற்கையாக வேண்டிய அளவில் தயாரிக்க வழி ஏற்பட்டது.

இயல்பான மாற்றங்கள்

பிறந்த குழந்தை

கருப்பையில் ஆக்சிசன் அளவு தாழ்ந்திருப்பதால், பிறக்கும்போது குழந்தையின் ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் என்னும் உயர்ந்த அளவில் இருக்கும். நுரையீரலால் சுவாசிக்கத் தொடங்கியதும் ஆக்சிசன் அளவு திடீரென உயர்கிறது. எரித்ரோபொயட்டின் சுரப்பு வெகுவாகக் குறைகிறது. இரண்டு முதல் மூன்று மாதங்களில் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 11 கிராமாக இறங்குகிறது. நிறைமாதத்தில் பிறந்த நலமுள்ள குழந்தையில் இது நோயன்று. பின்னூட்டச் சுற்று புதிய சூழலுக்கேற்பத் தன்னைச் சரிசெய்து கொள்வதன் விளைவாகும்.

உயரமான இடங்கள்

உயரமான இடத்துக்குச் சென்ற முதல் சில நாட்களில் குருதி அடர்வதற்குக் காரணம், குருதிநீர்மத்தின் அளவு குறைவதே ஆகும். உண்மையான அணு உற்பத்தி உயர்வு அதன் பின்னரே வெளிப்படுகிறது. தென் அமெரிக்காவின் ஆண்டீசு மலைப்பகுதியில் நெடுங்காலமாக வாழ்வோரின் ஹீமோகுளோபின் அளவு கடல்மட்டத்தில் வாழ்வோருடையதை விட உயர்ந்துள்ளது. அவர்களுள் சிலருக்குக் குருதி அளவுக்கு மீறி அடர்ந்து தலைவலி, மூச்சுத்திணறல், இதயச் செயலிழப்பு ஆகியவை ஏற்படுகின்றன. பெரு நாட்டு மருத்துவர் கார்லோஸ் மோன்கே 1920களில் விவரித்த இந்நோய், நாட்பட்ட மலைநோய் என அழைக்கப்படுகிறது.

இதே அளவு உயரத்தில் வாழும் திபெத்தியர்களின் ஹீமோகுளோபின் பெரும்பாலும் கடல்மட்ட அளவை ஒட்டியே உள்ளது. 2010 இல் வெளியான மரபியல் ஆய்வுகள், தாழ் ஆக்சிசன் தூண்டு காரணியின் இரண்டாம் வகைக்கான மரபணுவில் அவர்களிடையே தனித்த வேறுபாடு பரவியிருப்பதைக் காட்டின. இவ்வேறுபாடு டெனிசோவர் என்னும் தொல் மாந்தருடன் ஏற்பட்ட கலப்பால் வந்தது என 2014 இல் அறியப்பட்டது. மிகை உற்பத்தியின் தீங்கைத் தவிர்ப்பதே திபெத்தியரின் தகவமைப்பு என்பதால், ஆக்சிசன் குறைவுக்கு உடல் தரும் எதிர்வினை எல்லா நிலைகளிலும் நன்மை பயப்பதன்று என்பது தெளிவாகிறது.

கட்டுப்பாடு பிழைக்கும் நிலைகள்

பின்னூட்டச் சுற்றின் எப்பகுதியில் பழுது ஏற்படுகிறது என்பதைக் கொண்டு நோய்களை வகைப்படுத்தலாம்.

உணரியின் பழுது: நாட்பட்ட சிறுநீரக நோயில் எரித்ரோபொயட்டின் சுரக்கும் திறன் குறைவதால், மச்சை நலமாக இருந்தும் உற்பத்தி தாழ்கிறது.

தவறான சமிக்ஞை: புகைப்பிடிப்பவர்களின் குருதியில் கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினுடன் பிணைந்து ஆக்சிசனுக்கு இடமில்லாமல் செய்கிறது. அணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருந்தும் திசுவுக்கு ஆக்சிசன் குறைவதால் உற்பத்தி கூடுகிறது. உருசியாவின் சுவாசியா பகுதியில் காணப்படும் பரம்பரை நோயொன்றில், வான் ஹிப்பல்-லிண்டாவ் புரதத்தின் மரபணு மாற்றத்தால் ஆக்சிசன் போதிய அளவில் இருக்கும்போதே தூண்டு காரணி சரிவர அழிக்கப்படாமல் போகிறது. சில சிறுநீரகப் புற்றுக்கட்டிகள் தாமாகவே எரித்ரோபொயட்டினைச் சுரப்பதும் உண்டு.

கட்டளையின்றி இயங்கும் மச்சை: மெய்ச் செங்குருதியணுப் பெருக்கம் என்னும் நோயில் பெரும்பாலானோருக்கு ஜாக்2 நொதியின் மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. இது 2005 இல் கண்டறியப்பட்டது. இந்நோயில் ஏற்பியில் இயக்குநீர் இணையாமலேயே சமிக்ஞை எழுகிறது. அதனால் அணுக்கள் மிகுந்தும், எரித்ரோபொயட்டின் அளவு தாழ்ந்தும் காணப்படும்.

மூலப்பொருள் இன்மை: இரும்புக் குறைபாட்டு இரத்தசோகையில் எரித்ரோபொயட்டின் உயர்ந்தே இருக்கும், இரும்பு இல்லாததால் மச்சையால் கட்டளையை நிறைவேற்ற இயலாது. இரும்புக் குறைபாடு உலகில் இரத்தசோகைக்கான முக்கியக் காரணங்களுள் ஒன்று. 2019–21 இல் நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57% பேருக்கு இரத்தசோகை இருந்தது.

பயனற்ற உற்பத்தி: பீட்டா தலசீமியாவில் ஹீமோகுளோபினின் ஒரு பகுதி சரிவர உருவாகாததால், இளம் அணுக்கள் மச்சையிலேயே மடிகின்றன. இரத்தசோகை தீராததால் எரித்ரோபொயட்டின் மேலும் உயர்கிறது. மச்சை விரிவடைந்து எலும்புகளின் வடிவத்தையே மாற்றுகிறது. பெருகிய எரித்ரோபிளாசுட்டுகள் மிகையாக எரித்ரோஃபெரோனைச் சுரந்து ஹெப்சிடினைத் தாழ்த்துவதால், தேவையற்ற இரும்பு உடலில் சேர்ந்து இதயத்தையும் கல்லீரலையும் பாதிக்கிறது. உடலைக் காக்க வேண்டிய சுற்றே இங்கு கேட்டைப் பெருக்குகிறது.

மருத்துவப் பயன்பாடு

செயற்கை எரித்ரோபொயட்டின் கிடைப்பதற்கு முன்னர், குருதிச் சுத்திகரிப்பு செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள் பலர் மீண்டும் மீண்டும் குருதி ஏற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. இதனால் உடலில் இரும்பு சேர்தல், கல்லீரல் அழற்சித் தொற்று ஆகிய இடர்கள் இருந்தன. 1980களின் நடுப்பகுதியில் தொடங்கிய மருத்துவச் சோதனைகளின் வெற்றியைத் தொடர்ந்து, 1989 இல் அமெரிக்காவில் இம்மருந்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது.

இரத்தசோகையை முழுமையாக நீக்கி ஹீமோகுளோபினை இயல்பு அளவுக்குக் கொண்டு வருவது மேலும் நன்மை தரும் எனக் கருதப்பட்டது. ஆனால் 2006 இலும் 2009 இலும் வெளியான பெரிய சோதனைகள் இதற்கு மாறான முடிவுகளைத் தந்தன. 13 கிராம் அல்லது அதற்கு மேற்பட்ட அளவை இலக்காகக் கொண்டபோது எதிர்பார்த்த நன்மை கிடைக்கவில்லை. 2009 சோதனையில் மருந்து பெற்றோரிடையே பக்கவாத இடர் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எனவே சிறுநீரக நோயாளிகளுக்கு ஹீமோகுளோபினை 11.5 கிராமுக்கு மேல் உயர்த்தும் நோக்கில் இம்மருந்துகள் பொதுவாக அளிக்கப்படுவதில்லை. ஊசி வழியே செலுத்தப்படும் இயக்குநீர் பின்னூட்டச் சுற்றுக்கு வெளியே நிற்கிறது. அதன் அளவைக் குறைக்கும் பொறுப்பு சிறுநீரகத்திடமிருந்து மருத்துவரிடம் வந்து விடுகிறது.

அண்மைக் காலத்தில், புரோலில் ஐதராக்சிலேசு நொதிகளைத் தடுத்து உடலையே எரித்ரோபொயட்டினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரைகள் பயன்பாட்டுக்கு வந்துள்ளன. இவ்வகையில் முதலாவதான ராக்சடுஸ்டாட் 2018 இல் சீனாவில் ஒப்புதல் பெற்றது. இந்தியாவில் உருவாக்கப்பட்ட டெசிடுஸ்டாட் 2022 இல் இந்தியாவில் ஒப்புதல் பெற்றது.

விளையாட்டில் முறைகேடு

செங்குருதியணுக்கள் மிகுந்தால் தசைகளுக்கு ஆக்சிசன் கூடுதலாகக் கிடைக்கும் என்பதால், மிதிவண்டி ஓட்டம், நெடுந்தூர ஓட்டம் போன்ற போட்டிகளில் சிலர் எரித்ரோபொயட்டினை முறைகேடாகப் பயன்படுத்தினர். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1990 இல் இதனைத் தடை செய்தது. எனினும் இதனைக் கண்டறியும் சோதனை 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில்தான் நடைமுறைக்கு வந்தது. மிதிவண்டி வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஏழு டூர் டி பிரான்சு பட்டங்கள் 2012 இல் பறிக்கப்பட்டன. அடுத்த ஆண்டு அவர் எரித்ரோபொயட்டின் பயன்படுத்தியதை ஒப்புக்கொண்டார்.

மருந்து உடலை விட்டு நீங்கிய பின்னரும் பின்னூட்டச் சுற்று ஒரு தடயத்தை விட்டுச் செல்கிறது. அணுக்கள் மிகுந்திருப்பதால் சிறுநீரகம் தன் சுரப்பைக் குறைத்துக் கொள்கிறது. ஹீமோகுளோபின் உயர்ந்தும் ரெட்டிக்குலோசைட்டுகள் தாழ்ந்தும் காணப்படுகின்றன. வீரர்களின் குருதி அளவீடுகளை ஆண்டுக்கணக்கில் பதிவு செய்து ஒப்பிடும் உயிரியல் கடவுச்சீட்டு முறை இத்தகைய மாற்றங்களையே தேடுகிறது.

இயற்கையாகவே இத்தகைய மிகைத்திறன் பெற்றவர்களும் உண்டு. 1964 இன்ஸ்புரூக் குளிர்கால ஒலிம்பிக்கில் இரு தங்கப் பதக்கங்கள் வென்ற பின்லாந்துப் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மேன்டிரன்டாவின் ஹீமோகுளோபின் 20 கிராமுக்கும் மேல் இருந்தது. அவர்மீது ஐயங்கள் எழுந்தன. அவருடைய குடும்பத்தில் பரம்பரையாக வரும் எரித்ரோபொயட்டின் ஏற்பியின் மரபணு மாற்றமே இதற்குக் காரணம் என 1993 இல் கண்டறியப்பட்டது. சமிக்ஞையை நிறுத்துவதற்குத் தேவையான பகுதி அவ்வேற்பியில் இல்லாததால், இயல்பான அளவு இயக்குநீரே மிகையான உற்பத்தியை ஏற்படுத்தியது.

இவற்றையும் பார்க்க

- குருதி
- ஹீமோகுளோபின்
- எலும்பு மச்சை
- சிறுநீரகம்
- இரத்தசோகை
- தலசீமியா
- குருதிக்கொடை